டேப் பார்க்கத் தெரிந்தவள்

உட்காருங்க அக்கா. அந்த மூட்டையைத் தள்ளிவிட்டு உட்காருங்க, அது பிசிறு நூல் வெட்டி முடித்ததுதான். நான் எழுந்திருக்கவில்லை என்று தப்பாக நினைக்காதீங்க. மடி நிறைய பனியன். எழுந்தால் பிசிறெல்லாம் பறந்து உங்க சேலையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் விடாது. நான் வெட்டிக்கொண்டே பேசுகிறேன், நீங்க கேளுங்க.

என்ன கேட்டீங்க? வீட்டில் போன் இருக்கிறதா, லேப்டாப் இருக்கிறதா, டேப்லெட் இருக்கிறதா, மூன்றில் எது உபயோகம். இதைக் கேட்கவா காலேஜிலிருந்து இந்த வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறீங்க? சரி, உங்க வேலை உங்களுக்கு. ஓ, உங்க கையில் இருப்பதும் அதுதானா. அதே கண்ணாடிப் பலகை. அதைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துக்கொள்றீங்களா? ஒன்றுமில்லை, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன் அக்கா. தண்ணிக் குழாயில்கூடக் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். படித்தவங்க முன்னால் வாய் திறந்தால் எது தப்பாக வந்துவிடுமோ என்று ஒரு பயம். உங்களைப் பார்த்தால் என்னமோ பேசலாம் போல இருக்கிறது. நாளைக்கு நீங்க வேற தெருவுக்குப் போய்விடுவீங்க, அதனாலாக இருக்கும்.

போன் இருக்கிறது. அவருடையது. அவர் சாயப்பட்டறையில் வேலை, காலையில் போனால் போனும் அவரோடு போய்விடும். என்னிடம் இருப்பது பட்டன் போன். கூப்பிட்டால் பேசும், வைத்தால் வாயை மூடும். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். பாப்பாவுக்கு ஸ்கூலில் அனுப்புகிற பாடமெல்லாம் அவர் போனில்தான் வரும். ராத்திரி அவர் வந்து கொடுத்தால் உண்டு. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் யாராவது கூப்பிடுவாங்க, பாடம் போச்சு. பாடம் எங்கே என்று தேடுகிற சாக்கில் பாப்பா பாட்டுக்கு வேற எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

லேப்டாப்பும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்க. என் நாத்தனார் சுகந்தி பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் அவளுக்குக் கிடைத்தது. கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அதைப் பூந்துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுதபூஜைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி சுற்றி வைத்துவிடுவேன். அவ்வளவு பத்திரம். பாப்பா ஒண்ணாவது சேர்ந்தபோது எடுத்து சார்ஜ் போட்டால் கண்ணே திறக்கவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர், "ஏம்மா, இத யாரு சார்ஜே போடாம பூட்டி வெச்சது? பேட்டரி செத்தே போச்சு" என்கிறார். போட்டால் கெட்டுப்போகும் என்றுதானே போடாமல் வைத்தேன்? பத்திரமாக வைத்தது ஒரு தப்பா அக்கா?

இப்போது பிளக்கில் மாட்டினால் ஓடும், பிடுங்கினால் மயக்கம் போட்டுவிடும். எங்களுக்கு பிளக்கு அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் தோசை வார்க்கும்போது பாப்பா அங்கே உட்கார்ந்து படிக்க முடியுமா? அந்த அம்புக்குறி வேற ஓடிப்போய் மூலையில் ஒளிந்துகொள்ளும், ஆளையே வேர்க்க வைத்துவிடும். ஆனால் ஒன்று சொல்லணும், லேப்டாப்புக்கு மூடி இருக்கிறது. மூடினால் மூடியதுதான்.

டேப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீங்க.

இல்லை, கேட்டுவிட்டீங்க. சொல்லத்தான் வேண்டும். நீங்க டேப்லெட் என்கிறீங்க. இங்கே டேப்லெட் என்றால் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரை. அதனால் அதை டேப் என்றுதான் சொல்வாங்க. திருப்பூரில் டேப் என்றால் எத்தனை டேப் தெரியுமா? தோளில் வைத்துத் தைக்கிற நாடா ஒரு டேப். அளவு பார்க்கிற இஞ்சு டேப் ஒரு டேப். இப்போது இந்தக் கண்ணாடி ஒரு டேப். அந்த ஒரு வார்த்தைதான் அக்கா என் மானத்தை வாங்கியது. வார்த்தைமேல் குத்தமில்லை. சொன்னவள்மேல்தான்.

இதோ பாருங்க, எண்ணெய்க் கறை. மிஷின் எண்ணெய், துவைத்தாலும் போகாது. இதைத் தனியாகப் போட்டுவிடணும்.

என்னது, விரலா? முழங்காலில் தட்டினேனா? ஏதோ பழக்கம், விடுங்க.

சொன்னவள் யார் என்றால் பக்கத்து வீட்டு ஹேமா. ஹேமலதா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். எங்க காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரே வரிசை. சுவர் ஒற்றைச் செங்கல், அவள் தும்மினால் இங்கே தட்டு ஆடும். நானும் அவளும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் கைமடியாகச் சேர்ந்தவங்க. தைத்து வருகிற பீஸை எடுத்து அடுக்கிக் கொடுக்கிற வேலை. அப்போது யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, கண் என்றால் வளர்மதி கண்தான் என்று. ஓட்டை, தையல் விட்டது, நூல் இழுத்தது, ஒன்றும் என்னைத் தாண்டிப் போகாது. ஹேமாவுக்கு அந்த அளவு கண் பத்தாது. நான்தான் டேமேஜ் பீஸைப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவிடுவேன், "இதையும் உன் கணக்குல சேத்துக்கோடி" என்று. அவள் கணக்கு கூடட்டும் என்று நான் தள்ளிவிட்டவள். அதை இன்றைக்கு அவள் நினைத்துப் பார்க்கிறாளா?

பாப்பா வயிற்றில் வந்தாள், நான் நின்றுவிட்டேன். ஹேமா நிற்கவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள், செக்கிங் டேபிளுக்குப் போனாள். இப்போது செக்கிங்கில் அவள்தான் பெரிய ஆள். கம்பெனியில் கையில் ஒரு டேப் கொடுத்திருக்காங்க. வரிசையாக மிஷின், அவள் ஒவ்வொன்றாக நடந்து போவாள். இடது கையில் டேப்பை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொள்வாள், வலது கையால் பீஸை விரித்துப் பார்ப்பாள், என்ன டேமேஜோ, கண்ணாடியில் அதுக்கான கட்டத்தை ஒரு அமுக்கு. லேப்டாப்பை அப்படி அணைத்துக்கொண்டு நடக்க முடியுமா? போனில் அத்தனை கட்டமும் பொடிப்பொடியாக இருக்கும், ஒன்றை அமுக்கினால் இரண்டு அமுங்கும். நின்றுகொண்டு செய்கிற வேலைக்கு அதுதான் சரி. அது எனக்கும் தெரியும் அக்கா. வாய்விட்டுச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் வேற. மகுடேஸ்வரன் என்று பெயர், வாயைத் திறந்தால் ஹேமா. "ஹேமாவப் பாரு. கம்பெனியே அவ கையில ஓடுது. நீ கத்திரியப் புடிச்சுட்டு உக்காந்திரு." அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது, அவ்வளவுதான்.

மாசி மாசம் ஒரு நாள் ஹேமா வந்து இந்த வாசலில் நின்றாள். வேலைக்குப் போகிற சுடிதார், கழுத்தில் அட்டை. "வளரு, செக்கிங்ல ஒரு ஆளு வேணுமாம். குழந்தைவேலு அண்ணங்கிட்ட உன் பேரச் சொல்லியிருக்கேன். டேப் பாக்கத் தெரிஞ்சாப் போதும்னு சொன்னாரு. நாளைக்குக் காலைல வா" என்றாள். குழந்தைவேலு அண்ணன் அந்த செக்கிங்குக்கு சூப்பர்வைசர், எங்க காலத்திலேயே இருந்தவர்.

டேப் பார்க்கத் தெரிந்தால் போதும். இதுதான் அவள் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கா டேப் பார்க்கத் தெரியாது? அதோ பாருங்க, ஆணியில் தொங்குகிறதே மஞ்சள் இஞ்சு டேப், அது நான் முதல் வாரச் சம்பளத்தில் வாங்கியது. முதல் இஞ்சு தேய்ந்து கிழிந்துபோய்விட்டது. அதனால் நான் ஒன்றாம் நம்பரிலிருந்து பிடிப்பேன். இருபத்தொன்றே முக்காலில் நின்றால் மனசுக்குள் ஒன்றைக் கழித்து இருபதே முக்கால் என்பேன். அடுத்தவங்க அந்த டேப்பைப் பிடித்தால் அளவு தப்பிப்போகும், எனக்குத் தப்பாது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை அக்கா, சந்தோஷம். நீலச் சேலையை மடிப்பு வைத்தேன். டேப்பைத் துவைத்துக் காய வைத்தேன். பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு நேராகப் போனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துப் போகிறேன். அதே நூல் வாசம், அதே மிஷின் சத்தம். குழந்தைவேலு அண்ணன் சிரித்த முகமாக, "வாம்மா வளர்மதி. டேப் பாக்கத் தெரியுமாமா?" என்றார்.

"நல்லாத் தெரியுங்கண்ணா."

"அப்பக் காட்டு பாக்கலாம்."

நான் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டேன். டேபிளில் கிடந்த ஒரு பனியனை உதறி விரித்தேன். அக்குளுக்கு அக்குள் பிடித்தேன். "இருவதே முக்காலுங்கண்ணா. இருவத்தொண்ணு இருக்கணும், கால் இஞ்சு கம்மியா இருக்குதுங்க" என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். நானா அப்படிச் சத்தமாகப் பேசினேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

குழந்தைவேலு அண்ணன் என் கழுத்து டேப்பைப் பார்த்தார். அப்புறம் கடைசி டேபிளில் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தது. அது ஆரம்பித்ததும் வரிசை முழுக்கச் சிரிப்பு. குழந்தைவேலு அண்ணன் சிரிக்கவில்லை. "அந்த டேப் இல்லம்மா, இது" என்று கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் தாம்பூலத் தட்டு மாதிரி வாங்கிக்கொண்டேன். எங்கே பிடித்தேனோ, ஓரத்தில் ஏதோ அமுங்கி முழுக்க இருட்டாகிவிட்டது. உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன் அக்கா. சத்தியமாக உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டேபிளில் வைத்தேன், திரும்பினேன், நடந்தேன். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் என் டேப்பை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது.

எல்லாரும் சிரித்தபோது ஹேமா அந்த டேபிள் பக்கத்தில்தான் நின்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கத்தானே பொத்துவாங்க? வேற எதுக்குப் பொத்துவாங்க? கண்ணெல்லாம் தண்ணி. அவ்வளவு சிரிப்பு.

"கம்ப்யூட்டர் டேப்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா? அவளுக்குத் தெரியாதா, எனக்கு டேப் என்றால் எது என்று? வேணும் என்றே விட்டிருக்கிறாள். நான் அங்கே வந்தால், கண் யாருக்கு என்று பத்து பேருக்குத் தெரிந்துபோய்விடும் இல்லையா? அந்தப் பயம்.

அன்றைக்குச் சாயங்காலமே வந்தாள். என் இஞ்சு டேப்பை அழகாகச் சுருட்டி, நூல் கட்டி எடுத்து வந்து கொடுத்தாள். இன்னொரு கையில் ஒரு கண்ணாடி டேப். கம்பெனிக்குப் புதுசு வந்ததும் பழசை அவளுக்கே கொடுத்துவிட்டாங்களாம். மூலையில் விரிசல், அதுமேல் செல்லோடேப். டேப்பிலேயே டேப்.

"வளரு, எம்மேல கோவமா? நாந்தான் சரியாச் சொல்லல. உள்ள வர்றேன், இதுல அதே கட்டமெல்லாம் இருக்குது. ஒரு வாரம் உக்காந்தாப் போதும். அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்."

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் எதுக்கு அவளிடம் உட்கார்ந்து கத்துக்கொள்ளணும்? நான் பீஸ் தள்ளிவிட்டு வளர்ந்தவள் அவள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்போதுதான் என் பாப்பா, ஏழு வயசு, தன்ஷிகா, தனு என்போம், உள்ளேயிருந்து ஓடி வந்து, "ஹேமாத்தை, எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

போனதுதான். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அந்த வீடுதான். அங்கே போகிறது, ஏழு மணிக்கு வருகிறது. வரும்போது அவள் பவுடர் வாசம் அடிக்கிறது. நான் இரட்டை ஜடை போட்டு அனுப்பினால் ஒற்றை ஜடையாக வருகிறது. சாப்பிட்டியா என்றால் ஹேமாத்தை உப்புமா கொடுத்தாங்க என்கிறது. ஹேமாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அந்த ஏக்கத்தில் என் குழந்தைமேல் கை வைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைக்கக்கூடாதுதான். நினைத்துவிட்டேன்.

அந்த ஒரு கண்ணாடி இருக்கிறதே, அது பொல்லாதது அக்கா. போன் என்றால் ஒருத்தர் பார்க்கலாம், லேப்டாப் என்றால் எதிரே உட்கார வேண்டும். டேப் என்றால் ஒரே பாயில், ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு பார்க்கலாம். அப்படித்தான் பார்ப்பாங்க. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பெண் அவள் மடியில்.

நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை. சுவர் அப்படி. அந்தப் பக்கம் பாய் போட்டிருக்காங்க, இந்தப் பக்கம் நான் பிசிறு வெட்ட உட்காருகிற இடம். முன்பெல்லாம் வாசல் வெளிச்சத்தில் உட்காருவேன். இப்போது வெயில் தாங்கவில்லை, அதனால் சுவரோரம் வந்துவிட்டேன். காதில் விழத்தானே செய்யும்?

"எண்ணெய்க் கறை எந்தக் கட்டம் கண்ணு?"

"மூணாவது!"

"தையல் விட்டது?"

"ரெண்டாவது!"

"தப்பா அமுக்கிட்டா?"

"வளஞ்ச அம்பு!"

டிங் என்று ஒரு சத்தம், சரியாகச் சொன்னால் அது மணி அடிக்கும். உடனே இரண்டு பேரும் சிரிப்பு. நான் பாத்திரத்தை எடுத்துக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன். அப்புறம் அடுத்த கேள்வி காதில் விழாது, அதனால் கழுவுவதை நிறுத்திவிடுவேன்.

சரி, வீட்டுக்கு வந்தாலாவது அந்தப் பேச்சு நிற்கிறதா? சட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்து ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து, பக்கத்தில் படம். ஓட்டைக்கு ஒரு வட்டம், எண்ணெய்க் கறைக்கு ஒரு சொட்டு. நான் படிக்கச் சிரமப்படுவேன் என்று படமும் போட்டதாம். என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, "அம்மா, நான் துணி குடுப்பேன், நீ பாத்துட்டு அமுக்கணும். நீதான் செக்கிங்" என்கிறது. வீட்டிலும் ஹேமா விளையாட்டு. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் குழந்தை மடியில் வந்து உட்காருகிறதே அக்கா. மற்ற நேரம் எங்கே உட்காருகிறது? அதுக்காகவே அமுக்குவேன். சரியாக அமுக்கினால் அதுவே வாயால் டிங் என்னும். தினமும் ஒரு மணி நேரம் இந்தக் கூத்து.

அட்டை எங்கே என்றா? அந்த சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருக்கிறது. கசங்கிப்போகும் என்று நான்தான் வைத்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு மணி ஆச்சு, ஏழரை ஆச்சு, இது வரவில்லை. விடுவிடென்று அவள் வீட்டுக்குள் போனேன். மடியிலிருந்து பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஹேமாவைப் பார்த்து, "உனக்கு வேணும்னா ஒண்ணப் பெத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம். சொல்லிவிட்டேன். அப்படிப் பார்க்காதீங்க அக்கா.

அவள் டேப்பை ஆஃப் பண்ணிக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். என் பெண்தான் வாசலில் நின்று கத்தியது. "நான் சொல்லிக் குடுக்காட்டி நீ மறுபடியும் தோத்துருவே! எல்லாரும் மறுபடியும் சிரிப்பாங்க!" என்று அழுகை. ஏழு வயசு அக்கா. பெற்ற தாயைப் பார்த்துத் தோத்தவள் என்கிறது. கம்பெனியில் நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்? ஹேமாதான் சொல்லியிருக்கணும். நான் தோத்த கதையைக் குழந்தைக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்.

பத்து நாளாகப் பேச்சில்லை. குழாயில் அவள் வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இன்றைக்குக் காலையில் என்ன செய்கிறாள்? தனுவிடம் சொல்லி அனுப்புகிறாள். அந்தச் செக்கிங் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். இரண்டு பேர் வந்து பார்த்தாங்களாம், அவங்களுக்கு டேப் பார்க்க நன்றாகத் தெரிகிறது, டேமேஜ்தான் கண்ணுக்குத் தெரியவில்லையாம். குழந்தைவேலு அண்ணன், "அந்தக் கால் இஞ்சு கண்டுபுடிச்ச பொண்ணு வருமா?" என்று கேட்டாராம். இன்றைக்கு நாலு மணி வேனில் வந்து ஒரு தடவை காட்டினால் திங்கட்கிழமையிலிருந்து வேலை. வராவிட்டால் வேற ஆளைப் போட்டுவிடுவாங்களாம். இதுதான் கடைசியாம்.

நான் போவேனா? அவள் தயவில் போய் நின்று, மறுபடி அந்தச் சின்னப் பெண் சிரிக்கிறதைப் பார்க்கணுமா? தனுவிடம் வரமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். அது போய்ச் சொன்னதோ இல்லையோ, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை, ஸ்கூல் இல்லை; ஹேமாவுக்கும் இன்றைக்கு நாலு மணி ஷிப்ட்தான். கேட்கிறதா? டிங். அதுதான்.

மணி என்ன அக்கா? மூணே முக்காலா? இல்லை, சும்மாதான் கேட்டேன். நீலச் சேலை என்றா கேட்டீங்க? ஆமாம், இது அதே சேலைதான். துவைத்தது கைக்கு வந்தது, கட்டிக்கொண்டேன். பிசிறு வெட்ட நல்ல சேலை கட்டக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா?

சரி, என் கதை எதுக்கு, உங்க கேள்விக்கு வருகிறேன். போனா, லேப்டாப்பா, டேப்பா. என்னையே அமுக்கச் சொல்றீங்களா? இதிலா? கொடுங்க. இருங்க, கையைத் துடைத்துக்கொள்கிறேன். எண்ணெய் பட்டால் கட்டம் சரியாக அமுங்காது.

இப்படி இடது கையில் படுக்க வைத்துக்கொள்ளணும். ஓரத்தை அழுத்திப் பிடிக்கக்கூடாது, இருட்டாகிவிடும். இது பேர் ஊர் எழுதுகிற பக்கமா? தள்ளினால் அடுத்தது. ஐயோ, ஒன்று தாண்டிப் போய்விட்டேன், வளைந்த அம்பு எங்கே, ம், இதோ இருக்கிறது. வந்துவிட்டது. மூன்று கட்டம். முதலாவது போன், படம் போட்டிருக்கிறது, நல்லது. இரண்டாவது மூடி இருக்கிறது, அப்போ லேப்டாப். மூன்றாவது.

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீங்க? இது எப்படித் தெரியும் என்றா? இதில் தெரிய என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும்...

ஹாரன் அடிக்கிறது. கம்பெனி வேன்தான், தெருமுனையில் திரும்பும்போது அடிப்பாங்க. அடிக்கட்டும்.

"அம்மா! அம்மோவ்! வேன் வந்துருச்சு! ஹேமாத்தை ஏறாம நிக்கறாங்க, நீ வந்தாத்தான் ஏறுவாங்களாம்! வர்றியா இல்லியா?"

கேட்டீங்களா? ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. நான் வந்தால்தான் ஏறுவாளாம். அவளுக்காகப் போகிறேன் என்று நாளைக்கு எல்லாரும் பேச வேண்டும், அதுக்குத்தான். இந்தாங்க உங்க டேப். இந்தக் கத்திரியைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்க, கூர் உங்க பக்கம் இருக்கிறது, பார்த்து. நான் போய் நேராக அவள் முகத்தைப் பார்த்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். ஒரு நிமிஷம்தான். முதுகுப் பக்கம் பிசிறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா, தட்டிவிடுங்க. வரவில்லை என்று சொல்லத்தான் போகிறேன், அதுக்காகப் பிசிறோடு போய் நிற்க முடியுமா? அந்த இஞ்சு டேப்பை எடுங்க. வேண்டாம், அது அங்கேயே தொங்கட்டும்.

வர்றேன் தனு, கத்தாதே! டிரைவரண்ணன ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு, ஹேமாகிட்ட நான் வர்றேன்னு...